கிரேக்கக் கல்யாணப் படத்தில் எது நிஜம், எது சிரிப்புக்கு?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. டொராண்டோவில் இருக்கும் உங்கள் தம்பி ஒரு கிரேக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். பெண் வீட்டில் சர்ச்சில்தான் நடக்க வேண்டும் என்கிறார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 'மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்' பார்த்தீர்கள். மாப்பிள்ளையைப் பிளாஸ்டிக் தொட்டியில் முக்கி எடுக்கும் இடத்தில் அம்மா எழுந்து போய்விட்டார். இதெல்லாம் எவ்வளவு உண்மை என்று கேட்கிறீர்கள். கூடவே 'நாங்கள் சைவம் வேறு' என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். அதைப் பார்த்தால் படம் வெறும் சாக்கு என்று தோன்றுகிறது. தம்பி மதம் மாற வேண்டியிருக்குமா, அந்தக் கூட்டத்தில் நமக்கும் ஒரு இடம் இருக்குமா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பாதிரியார் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. இதே ஊரில் 18 வருடமாகக் கல்யாணப் போட்டோ எடுத்துப் பிழைக்கிறவன். கிரேக்கர்கள் நிறைய இருக்கும் டான்ஃபோர்த் தெருப் பக்கத்துக் குடும்பம் ஒன்று தற்செயலாகக் கூப்பிட, அவர்கள் சொல்லி இன்னொரு குடும்பம், அப்புறம் அவர்களுடைய ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள் என்று வேலை தொடர்ந்து வந்தது. சர்ச் ஒத்திகைகளில் பாதிரியார்களிடம் கேட்டதும், கேமராவுக்குப் பின்னால் நின்று பார்த்ததும்தான் என் படிப்பு. கிரீஸில் ஒரு தீவிலோ மலைக் கிராமத்திலோ எப்படி நடக்கிறது என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. இங்கே நடப்பதற்குச் சொல்ல முடியும்.

படத்தைப் பற்றி முதலில் ஒன்று. 2002-இல் வந்த இந்தப் படத்தை எழுதி, கதாநாயகி டூலாவாக நடித்தவர் நியா வர்தலோஸ். கனடாவில் வின்னிபெக்கில் பிறந்த கிரேக்க வம்சாவளிப் பெண். தன் குடும்பத்தையும் கல்யாணத்தையும் வைத்து அவர் மேடையில் தனியாளாக நடித்துக் காட்டியதுதான் இதன் மூலம். கிரேக்கத் தாய்க்குப் பிறந்த நடிகை ரீட்டா வில்சன் அந்த நிகழ்ச்சியைப் பார்க்க, அவரும் கணவர் டாம் ஹாங்க்ஸும் சேர்ந்து படமாகத் தயாரித்தார்கள். சுமார் 50 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இத்தனைக்கும் அமெரிக்காவில் எந்த ஒரு வார இறுதியிலும் அது முதலிடத்துக்கு வரவில்லை. அத்தை சொல்லி மாமா, மாமா சொல்லி பக்கத்து வீடு என்று மாதக்கணக்கில் ஓடிய படம். கதை சிகாகோவில் நடப்பதாக இருந்தாலும் பெரும்பகுதி எடுத்தது டொராண்டோவில். ஆக, ஒரு மகள் தன் வீட்டாரைப் பாசத்தோடு கிண்டல் செய்ததுதான் நீங்கள் பார்த்தது. சடங்குகளுக்குக் கையேடாக அதை வைத்துக்கொள்ள முடியாது.

என் அனுபவத்தில் அந்தப் படம் ஒரு விஷயத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது. சொந்தக்காரர்களைப் பெரிய தடையாகவும் சர்ச்சை ஒரு சிரிப்புக் காட்சியாகவும் வைத்திருக்கிறது. நிஜத்தில் சொந்தக்காரர்கள் இரண்டு விருந்துக்குள் இளகிவிடுவார்கள். சர்ச் விதி இளகாது.

ஞானஸ்நானத்துக்கு வருவோம். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சர்ச்சில் கல்யாணம் நடக்க, மணமக்களில் ஒருவர் ஆர்த்தடாக்ஸாக இருக்க வேண்டும். மற்றவர் பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயரால் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவராக இருந்தால் போதும். கத்தோலிக்கரோ ஆங்கிலிக்கனோ அப்படியே வந்து நிற்கலாம், மாறத் தேவையில்லை. அவராக விரும்பிச் சேர்ந்தாலும் வட அமெரிக்காவில் பொதுவாக மறுபடி முக்குவதில்லை. மைரோன் என்னும் நறுமணத் தைலத்தைப் பூசிச் சேர்த்துக்கொள்வார்கள். படத்து மாப்பிள்ளை இயான் மில்லர் புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை. குழந்தையிலேயே அவருக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தால் அந்தத் தொட்டிக் காட்சிக்கே வேலையில்லை. ஆனால் ஒரு இந்துவுக்கு நிலைமை வேறு. ஞானஸ்நானம் பெறாதவரை ஆர்த்தடாக்ஸ் சர்ச்சில் கல்யாணம் செய்துவைக்க மாட்டார்கள். இது அந்தப் பாதிரியார் நல்லவரா, பெண்ணின் அப்பா செல்வாக்கானவரா என்பதையெல்லாம் பொறுத்தது இல்லை. படத்து மாப்பிள்ளைக்குத் தேவைப்படாமலே போயிருக்கக்கூடிய ஒன்று உங்கள் தம்பிக்குக் கட்டாயம் தேவைப்படும்.

தொட்டியும் பொய் இல்லை. சர்ச்சில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி, நம் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் வைக்கும் அண்டா அளவுதான் இருக்கும். குழந்தையை உட்கார்த்தி முக்கலாம், ஆறடி ஆளை முடியாது. மூன்று முறை முழுக்க வேண்டும் என்பது முறை, அதனால் கிடைத்ததை வைத்துச் சமாளிப்பார்கள். பெரியவர்களுக்கான ஞானஸ்நானத்தை நான் இரண்டு முறை படமெடுத்திருக்கிறேன். ஒன்றில் பண்ணையில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தகரத் தொட்டி, வெளியே வெள்ளைத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். உடம்பெல்லாம் ஆலிவ் எண்ணெய் தடவுவதும் நிஜம்தான். ஞானஸ்நானம் பெறுகிறவருக்குப் பொறுப்பேற்று ஞானத்தந்தையாக நிற்பவர்தான் தடவிவிடுவார். எண்ணெய்க் குளியல் தெரிந்த நமக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அம்மா யோசிக்க வேண்டியது தொட்டியை அல்ல. முக்குவதற்கு முன்னால் அந்த ஆளை மேற்கே பார்த்து நிற்கவைத்து, சாத்தானை விட்டுவிட்டாயா என்று மூன்று முறை கேட்பார்கள். பிறகு கிழக்கே திருப்பி, கிறிஸ்துவோடு சேர்ந்துகொண்டாயா என்று மூன்று முறை. விசுவாச அறிக்கையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பே சில மாதங்கள் பாதிரியாரிடம் உட்கார்ந்து பாடம் கேட்க வைப்பதும் வழக்கம். புதிய கிறிஸ்தவப் பெயரும் உண்டு. 'சும்மா ஒரு முழுக்குத்தானே, போட்டுவிட்டு வந்துவிடுகிறேன்' என்று உங்கள் தம்பி சொன்னால், அதை நம்பாதீர்கள். அப்போது நியாவின் நிஜக் கணவராக இருந்த நடிகர் இயான் கோமஸும் கல்யாணத்துக்கு முன் ஆர்த்தடாக்ஸ் சபையில் சேர்ந்தவர்தான். படத்தில் மாப்பிள்ளையின் நண்பனாக வந்துபோகிறார், பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

மதம் மாற அவருக்கு விருப்பமில்லை என்றால் வழியே இல்லையா? உண்டு, ஆனால் அது பெண்ணுக்குச் செலவு வைக்கும் வழி. பதிவுத் திருமணம் சட்டப்படி முழுக் கல்யாணம்தான். ஆனால் சர்ச்சுக்கு வெளியே மணந்த ஆர்த்தடாக்ஸ் பெண் நற்கருணை, அதாவது வழிபாட்டில் தரும் அப்பமும் திராட்சை மதுவும், வாங்க முடியாது. இன்னொருவர் பிள்ளைக்கு ஞானத்தாயாகவோ கல்யாணத்தில் துணையாகவோ நிற்கவும் முடியாது. வருடத்துக்கு ஒருமுறை ஈஸ்டருக்கு மட்டும் போகிற பெண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம், அவளுடைய பாட்டிக்குத் தெரியும். நான் படமெடுத்த ஜோடிகளில் இரண்டு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். தாலி கட்டும் சடங்கையும் தனியாக வைத்துக்கொள்ள நினைத்தால், சர்ச்சில் தேதி வாங்குவதற்கு முன்பே அந்தச் சர்ச்சின் பாதிரியாரிடம் ஒளிக்காமல் பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் பேஸ்புக் பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு பாதிரியாரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க ஆசையில்லை.

அங்கே நடக்கிற சடங்கைப் பற்றி. என் முதல் கிரேக்கக் கல்யாணத்தில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். ஆங்கிலப் படங்களில் பார்த்த மாதிரி, 'இவரை ஏற்றுக்கொள்கிறாயா' என்று பாதிரியார் கேட்பார், பெண் தலை நிமிர்ந்து ஆமாம் என்பாள், அந்த நொடியைப் பிடிக்க வேண்டும் என்று பெண்ணின் முகத்துக்கு லென்ஸை வைத்துக் காத்திருந்தேன். காத்திருந்தேன், காத்திருந்தேன், கல்யாணமே முடிந்துவிட்டது. கிரேக்க முறையில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. மணமக்கள் வாயே திறப்பதில்லை. நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தலைக்கு மேலே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. கும்பாரோஸ் என்கிற துணைவர் பின்னால் நின்று, வெள்ளை ரிப்பனால் இணைத்த ஸ்டெஃபனா என்னும் இரண்டு மெல்லிய கிரீடங்களை இருவர் தலையிலும் குறுக்கும் நெடுக்குமாக மூன்று முறை மாற்றி வைப்பார். நமக்குத் தாலி எப்படியோ அப்படி அவர்களுக்கு அந்தக் கிரீடம். அதன் தெளிவான படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பெண்ணின் அம்மா ஆல்பத்தைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து புரட்டினார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆகவே உங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதலில் மோதிரம், அதையும் மூன்று முறை மாற்றுவார்கள், போடுவது வலது கையில். அப்புறம் கிரீடம். ஒரே கிண்ணத்தில் இருவரும் மதுவை மூன்று மிடறு. பிறகு பாதிரியார் கையைப் பிடித்து அழைத்துப்போக, மேசையை மூன்று முறை வலம்வருவார்கள். அதற்கு ஏசாயாவின் நடனம் என்று பெயர், நடனம் என்றாலும் நடைதான். அப்போதுதான் கூட்டம் அரிசியை வீசும். அட்சதை மாதிரி என்று உங்கள் அம்மா மகிழலாம், ஆனால் இளவட்டங்கள் குறிபார்த்து அடிப்பார்கள், கண்ணாடி போட்டவர்கள் பின்வரிசைக்குப் போவது நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள். 'மனைவி கணவனுக்கு அஞ்சி நடக்க வேண்டும்' என்ற பைபிள் வரி வாசிக்கப்படும்போது மணப்பெண் மாப்பிள்ளையின் காலை நறுக்கென்று மிதிப்பாள். சடங்குப் புத்தகத்தில் இது கிடையாது, ஆனால் கூட்டத்தில் எல்லோரும் அதற்காகத்தான் எட்டிப் பார்ப்பார்கள். இப்போதெல்லாம் என் இரண்டாவது கேமரா தரையைப் பார்த்தே இருக்கும்.

படத்தில் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குத் துப்புவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எச்சில் இல்லை, சத்தம் மட்டும்தான். 'ஃப்தூ ஃப்தூ ஃப்தூ' என்று மூன்று முறை. அழகாக இருக்கும் குழந்தையைப் பார்த்தால், ஜோடித்த மணப்பெண்ணைப் பார்த்தால், கண் பட்டுவிடக்கூடாது என்று செய்வது. கண்ணேறுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மாத்தி, பொருளும் கண் என்பதேதான். தண்ணீரில் எண்ணெய்ச் சொட்டு விட்டு, அது கலைகிறதா நிற்கிறதா என்று பார்த்துத் திருஷ்டி கழிக்கிற பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். மிளகாயும் உப்பும் சுற்றி 'மூணு தடவை துப்பு' என்று சொன்ன அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டுமா என்ன. படத்தில் பாதி இடங்களில் வெள்ளைக்காரர்களுக்கு விளங்காமல் சிரிப்பு வருகிறது, நமக்கு விளங்கிவிடுவதால் வருவதில்லை.

கண்ணாடி துடைக்கிற விண்டெக்ஸை எல்லா நோய்க்கும் அடிப்பது மரபு கிரபு ஒன்றும் இல்லை, அது படத்தில் டூலாவின் அப்பா பாத்திரத்தின் கிறுக்கு. ஆனால் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் கிரேக்கத்திலிருந்து வந்தது என்று நிரூபிக்கிற அந்தப் பழக்கம் இருக்கிறதே, அப்படி ஒருவர் ஒவ்வொரு கல்யாணத்திலும் என் மேசைக்கு வந்து உட்காருவார். நம் பக்கத்திலும் அப்படி ஒரு பெரியப்பா கட்டாயம் இருப்பார் என்பதால் இரண்டு பேரையும் ஒரே மேசையில் போட்டுவிடலாம். படத்தில் கிமோனோ என்ற சொல் குளிர்காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார் அப்பா. அது சுத்தப் பொய், ஜப்பானிய மொழியில் அதற்கு 'உடுத்தும் பொருள்' என்று பொருள். கடைசியில் கல்யாண விருந்தில் அவர் பேசுகிற பேச்சு, தங்கள் பெயர் போர்த்தோகாலோஸ் ஆரஞ்சையும் சம்பந்தியின் பெயர் மில்லர் ஆப்பிளையும் குறிக்கிறது, இரண்டும் பழம்தானே என்று முடியும். மீலோ என்றால் ஆப்பிள் என்பது சரி, மில்லர் என்ற ஆங்கிலப் பெயர் மாவு அரைப்பவரைக் குறிப்பது. வேடிக்கை என்னவென்றால், ஆரஞ்சைக் குறிக்கும் போர்த்தோகாலி என்ற சொல்லே கிரேக்கச் சொல் இல்லை, போர்ச்சுகல் நாட்டின் பெயரிலிருந்து வந்தது. இனிப்பு ஆரஞ்சு அந்த வழியாக ஐரோப்பாவுக்குள் வந்ததால் ஏற்பட்ட பெயர். கசப்பு ஆரஞ்சுக்கு கிரேக்கத்தில் நெரான்ட்ஸி என்று வேறு சொல் உண்டு. அது பாரசீகத்தின் நாரங்கிலிருந்து வந்தது, அதற்கு முன் சமஸ்கிருதத்தின் நாரங்கம். இதுவரை உறுதி. அதற்கும் வேர் நம் நாரத்தையை ஒட்டிய ஒரு திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள், அது 'இருக்கலாம்' என்ற அளவில்தான். உங்கள் பெரியப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், மைக்கைப் பிடுங்குவார்.

சாப்பாட்டுக்கு வருவோம், உங்கள் கடைசி வரிக் கவலைக்கு. படத்தில் மாப்பிள்ளை இறைச்சி சாப்பிட மாட்டார் என்றதும் டூலாவின் அத்தை வூலா, பரவாயில்லை, ஆட்டுக்கறி செய்கிறேன் என்பார். அரங்கமே சிரிக்கும். ஆனால் அதே சமையலறை ஈஸ்டருக்கு முந்தைய நோன்பில் 40 நாளுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை இல்லாமல் சமைக்கிற சமையலறை. அந்தச் சாப்பாட்டுக்கு நிஸ்டீசிமா என்று பெயர். வெள்ளை பீன்ஸில் ஃபசோலாடா, பெரிய பீன்ஸைத் தக்காளியோடு அடுப்பில் சுட்டது, கீரையும் அரிசியும் சேர்த்த ஸ்பனகோரிஸோ, திராட்சை இலையில் சோறு மட்டும் வைத்துச் சுருட்டியது. 'சைவம்' என்று சொன்னால் கோழியாவது வைப்பார்கள், 'நிஸ்டீசிமா' என்று சொல்லுங்கள், பாட்டியே எழுந்து சமைக்கப் போவார். ஒரே ஒரு எச்சரிக்கை: ரத்தம் இல்லாத உயிர் என்ற கணக்கில் இறால், கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் நோன்பில் சேரும். அதையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பாடத்தை என் மனைவி ஒரு முழு கணவாய்த் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள்.

சொந்தக்காரர் கூட்டம் மிகையில்லை. ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைகளும் அனிதா, டயான், நிக் என்றே அறிமுகமாகிற காட்சிக்குப் பின்னால் நிஜமான வழக்கம் இருக்கிறது. முதல் பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று வைப்பார்கள். ஒரு நிக்கோலாஸுக்கு நாலு மகன்கள் இருந்தால் நாலு வீட்டிலும் ஒரு நிக் பிறப்பான். தாத்தாவின் பெயரைத் தாங்குவதால் பெயரன், அதுவே பேரன் ஆனது என்று தெரிந்த நமக்கு இது புதிதல்ல.

படத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் மாப்பிள்ளை வீடு. மில்லர் தம்பதிக்கு ஒரு பழக்கமும் இல்லை, பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அந்த அம்மா கொண்டுவந்த நடுவில் ஓட்டை போட்ட கேக்கில் சம்பந்தியம்மா பூந்தொட்டியைச் செருகி வைப்பது நல்ல சிரிப்புதான். ஆனால் கதை முழுக்க ஒரு பக்கம்தான் கொடுக்கிறது, மறுபக்கம் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் அப்படி வெறுங்கையோடு போகிற வீட்டார் இல்லை. அது உங்களுக்குச் சாதகமும்கூட, சிக்கலும்கூட. இரண்டு பக்கமும் முந்நூறு பேர், இரண்டு பக்கமும் 'எங்கள் முறைப்படி' என்பார்கள்.

இன்னொன்று, இங்கேயுள்ள கிரேக்கர்களைப் பார்த்து கிரீஸ் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். டொராண்டோவுக்குப் பெரும் கூட்டமாக அவர்கள் வந்தது 1950-களிலும் 60-களிலும். வரும்போது கொண்டுவந்த ஊரை அப்படியே பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டார்கள். கிரீஸில் 1982-இலேயே பதிவுத் திருமணம் சட்டமாகி, அடுத்த வருடம் வரதட்சணையையும் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஏதென்ஸிலிருந்து வந்த ஒரு விருந்தினப் பெண், இங்கே மணப்பெண்ணின் மேல் பணத்தாள்களைக் குத்துவதைப் பார்த்து, 'எங்கள் பாட்டி காலத்துக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கிறது' என்று என்னிடம் சொன்னாள்.

கடைசியாக, மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் சர்ச் நாள்காட்டியைப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்திலும், ஆகஸ்ட் 1 முதல் 15 வரையிலும், டிசம்பர் 13 முதல் 25 வரையிலும், ஜனவரி 5, 6 தேதிகளிலும் கல்யாணம் செய்துவைக்க மாட்டார்கள். ஆகஸ்ட் 29, செப்டம்பர் 14 ஆகிய இரண்டு தனி நாட்களும் கூடாது. அவர்களுடைய ஈஸ்டர் பல வருடங்களில் கத்தோலிக்க ஈஸ்டரோடு சேர்ந்து வராது, அதனால் வீட்டு காலண்டரை நம்பாமல் சர்ச் அலுவலகத்தில் கேளுங்கள். நம் ஆடியும் மார்கழியும் அவர்களுடைய ஆகஸ்ட், டிசம்பர் விலக்கோடு பெரிதும் பொருந்திப்போவதால் அந்த இரண்டு மாதத்தில் சண்டையே வராது. சண்டை வருவது பங்குனியில்தான். நம் பக்கத்தில் முகூர்த்தம் இருக்கும், அவர்கள் நோன்பில் இருப்பார்கள். வைகாசியைக் கேட்டுப் பாருங்கள்.